கூட இருந்தவள் எங்கே? – சாலைக்கு வந்த பெண்கள் தொடர், அத்தியாயம் 6

சென்ற வாரம்: 2021 டிசம்பர் 15, புதன்கிழமை இரவு. பூந்தமல்லியை அடுத்த ஜமீன் கொரட்டூரில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியில் சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, மயக்கம். பலர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் வரவில்லை.

டிசம்பர் 17. மார்கழி பிறந்து இரண்டாம் நாள். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் சுங்குவார்சத்திரம் அருகே சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். விடிய விடியப் பனியில் உட்கார்ந்திருந்தார்கள். துப்பட்டாவைத் தலையில் சுற்றியபடி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு. பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள் இருக்கும் பெண்கள்.

சம்பளத்தைக் கூட்டு என்று கேட்டு அவர்கள் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர்களைக் கண்ணில் காட்டுங்கள் என்றுதான் கேட்டார்கள். எட்டுப் பேர் செத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. இல்லை, ஒன்பது பேர் என்று இன்னொரு பேச்சு. வாட்ஸ்அப்பில் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது.

இத்தனை பெரிய கம்பெனி. எட்டுப் பேர் உயிரோடு இருக்கிறார்களா என்று சொல்ல ஏன் இரண்டு நாள் ஆனது?

விடுதி அறையிலிருந்து தொடங்குவோம். ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை. கட்டில் கிடையாது, தரையில்தான் படுக்கை. சில கழிப்பறைகளில் தண்ணீர் வராது. பின்னாளில் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்களிடம் பெண்களே சொன்ன விவரங்கள் இவை. அப்படிப்பட்ட அறையில் ஒருத்தி எழுந்து வேலைக்குப் போகும் நேரத்தில் இன்னொருத்தி வேலை முடித்து வந்து படுப்பாள். ஒரு பாய் காலியாக இருந்தால் அவள் ஷிஃப்டில் இருக்கலாம், ஊருக்குப் போயிருக்கலாம், ஆஸ்பத்திரியில் இருக்கலாம். நாலாவதாக ஒன்றையும் நினைக்கலாம். இரண்டு நாள் போன் எடுக்காவிட்டால் மனசு அந்த நாலாவதுக்குத்தான் போகும்.

அடுத்தது நிர்வாகம். வேலை ஃபாக்ஸ்கானில், ஆனால் தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டது கான்ட்ராக்டர். மாதம் பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவிலான சம்பளத்திலிருந்துதான் அதற்கும் பணம் போனது. ஆலை இருப்பது காஞ்சிபுரம் மாவட்டம், விடுதி இருப்பது திருவள்ளூர் மாவட்டம். 159 பேர் உள்நோயாளிகளாகச் சேர்க்கப்பட்டார்கள் என்றும், சுமார் நூறு பேருக்கு அட்மிஷன் இல்லாமலே சிகிச்சை தர வேண்டியிருந்தது என்றும் கணக்குச் சொன்னது திருவள்ளூர் நிர்வாகம். கேள்வி கேட்டவர்கள் உட்கார்ந்திருந்ததோ காஞ்சிபுரம் மாவட்டச் சாலையில். கம்பெனிக்கும் கான்ட்ராக்டருக்கும் நடுவில், ஒரு கலெக்டர் ஆபீசுக்கும் இன்னொரு கலெக்டர் ஆபீசுக்கும் நடுவில், சிகிச்சையில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல் மாட்டிக்கொண்டது.

வதந்தி பரப்பியதாக ஒரு யூடியூபரைப் போலீஸ் கைது செய்தது. செத்தார்கள் என்பது பொய்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் புதன்கிழமை இரவே விடுதி வாசலில் ஒரு தாளை ஒட்டி, யார் எந்த ஆஸ்பத்திரியில் என்று எழுதியிருந்தால் அந்த யூடியூபர் பேச்சை யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

சனிக்கிழமை காஞ்சிபுரம் கலெக்டர் ஆர்த்தி பேச்சுவார்த்தைக்கு வந்தார். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பெண்களிடமே வீடியோ காலில் பேச வைத்தார்கள். போன் திரையில் முகம் தெரிந்தது, குரல் கேட்டது. ஒருவர்கூடச் சாகவில்லை.

சாலை திறந்தது. கதை அங்கே முடியவில்லை. 67 பெண் தொழிலாளர்களும் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையாளரும் பிடித்துவைக்கப்பட்டார்கள். போலீஸ் அடித்தது, போனைப் பிடுங்கியது, பெற்றோருக்குப் போன் போட்டு மிரட்டியது என்று தொழிலாளர் தரப்பு சொன்னது. போலீஸ் மறுத்தது.

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் விடுதி சமையலறையில் கண்டது எலிகளும் சரியில்லாத வடிகாலும். சமையலறைக்குப் பூட்டு விழுந்தது. 29-ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் ஆலையைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. ஃபாக்ஸ்கான் மன்னிப்புக் கேட்டது. போராட்டத்தை அடுத்து மூடப்பட்டிருந்த ஆலை ஜனவரி 12-ல் கொஞ்சம் பேரோடு திறந்தது.

இப்போது ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிறவர்கள் வல்லக்கோட்டையைக் கடக்கும்போது பார்க்கலாம். கிருத்திகைக்கு முருகன் கோயிலுக்கு வரும் கூட்டமும் கம்பெனி பஸ்களும் ஒரே ரோட்டில் ஒன்றுக்கொன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும். பக்கத்திலேயே வல்லம் வடகால் சிப்காட். 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் ஸ்டாலின் அங்கே பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பைத் திறந்துவைத்தார். 20 ஏக்கர், 706.50 கோடி ரூபாய், 18,720 பேர் தங்கலாம். மேடையில் ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் இருந்தார். அந்தப் பெண்கள் சுங்குவார்சத்திரத்தில் ரோட்டில் உட்காராமல் இருந்திருந்தால் இந்தக் கட்டடம் இவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்காது என்பது என் கணிப்பு.

ஆனால் எனக்கு ஒரு முடிச்சு அவிழவில்லை. சாவுச் செய்தியை, அத்தனை பேர், அத்தனை சீக்கிரம் எப்படி நம்பினார்கள்?

பழைய பேப்பர்களைப் புரட்டினேன். 2010 ஜூலையில் ஃபாக்ஸ்கானின் அப்போதைய ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 200-க்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறலும் மயக்கமுமாக மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். அப்போது காரணமாகப் பேசப்பட்டது பூச்சிமருந்து. எல்லோரும் பிழைத்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 31. ஞாயிற்றுக்கிழமை. அதே ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நோக்கியா ஆலை. 23 வயதுப் பெண் ஒருவர் ஓடிக்கொண்டிருந்த தானியங்கி எந்திரத்தில் சிக்கினார். சுற்றிலும் அவர் வயதுப் பெண்கள். எந்திரத்தை உடைத்தாவது ஆளை வெளியே எடுங்கள் என்று அவர்கள் கத்தியதாகவும், விலையுயர்ந்த எந்திரம் என்று மேலே இருந்தவர்கள் தயங்கியதாகவும் தொழிலாளர்கள் குற்றம் சாட்டினார்கள்.

அந்தப் பெண் பிழைக்கவில்லை. இந்தச் சாவு வதந்தி இல்லை. அந்த எந்திரத்தைச் சுற்றி நின்ற பெண்கள் அடுத்து என்ன செய்தார்கள்?

(தொடரும்)