வேலையாட்கள் நட்டஈடும் சிறு முதலாளியின் காப்புறுதியும்: புளத்கொகுபிட்டியவை முன்னிறுத்திய ஒரு நோக்கு

கேகாலை மாவட்டத்துப் புளத்கொகுபிட்டிய, தேயிலையும் இறப்பரும் அருகருகே நிற்கும் நிலப்பகுதியாகும். தோட்டத்தின் எல்லைக் கானைத் தாண்டினால் கிராமத்தவரின் ஓரிரு ஏக்கர்ச் சிற்றுடைமைகள் தொடங்கிவிடும். இருசாராரிடமும் கூலிக்குச் செல்லும் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவன் மழைநாளிற் சரிவில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டால், அவனுக்குரிய நட்டஈடு யாரால், எந்த நிதியிலிருந்து வழங்கப்படும் என்பதே ஈண்டு ஆராயப்புகும் வினா.

இதற்குரிய சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாகும். அதற்கு முன்னர், முதலாளியின் கவனயீனத்தை நீதிமன்றத்தில் நிறுவினாலன்றித் தொழிலாளிக்கு வழியில்லை. துரை கொடுத்த லயத்திற் குடியிருப்பவன் துரைக்கெதிராகச் சாட்சி தேடுவதெங்ஙனம்? தவறு யாருடையது என்ற கேள்வியை விலக்கி, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நேர்ந்ததா என்று மட்டும் கேட்டமையே புதிய சட்டத்தின் சிறப்பு. அப்போது தொழில் அமைச்சராயிருந்த பெரி. சுந்தரம், 1919இல் பொன்னம்பலம் அருணாசலத்துடன் தொழிலாளர் சேமநலச் சங்கத்திற் பணியாற்றியவர். அட்டன் தொகுதியின் உறுப்பினர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

ஜேர்மனி 1884இலும், பிரித்தானியா 1897இலும், இந்தியா 1923இலும் இத்தகைய சட்டங்களை இயற்றியிருந்தன. எனினும் இவற்றுள் அடிப்படை வேறுபாடொன்றுண்டு. ஜேர்மனியில் முதலாளிமார் சங்கங்களாகச் சேர்ந்து காப்புறுதி செய்தல் கட்டாயம். ஆகவே இடரின் சுமை அத்தொழில்துறை முழுவதன்மீதும் பரவிற்று. பிரித்தானியச் சட்டமோ சுமையைத் தனித்தனி முதலாளியின் தலையில் ஏற்றியது. காப்புறுதி செய்வதும் செய்யாது விடுவதும் அவன் விருப்பம். இலங்கை பின்பற்றியது இரண்டாவது வழியையே. பிரித்தானியா 1946இல் அவ்வழியைக் கைவிட்டுத் தேசியக் காப்புறுதிக்கு மாறிற்று. இந்தியா 1948இல் தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டத்தை இயற்றிற்று. இலங்கையில் அத்தகைய மாற்றம் நிகழவில்லை. 1964 முதல் பொதுக் காப்புறுதி அரசின் தனியுரிமையாயிற்று. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. தோட்ட முதலாளியும் காப்புறுதியாளனும் ஒருவரேயான அக்காலத்திற்கூடக் காப்புறுதி கட்டாயமாக்கப்படவில்லை. நல்லதொரு வாய்ப்பு நழுவவிடப்பட்டதென்றே கொள்ளவேண்டியுள்ளது.

இதன் விளைவு சிற்றுடைமைகளிலேயே தெளிவாகப் புலப்படும். பெருந்தோட்டக் கம்பனிக்குக் காப்புறுதிக் கட்டுப்பணம் செலவுக் கணக்கில் ஒரு வரி. ஓரிரு ஏக்கர் இறப்பர் வைத்திருப்பவனுக்கு அது வீண்செலவாகத் தோன்றுதல் இயல்பு. ஆயினும் சட்டத்தின் முன் இருவரது பொறுப்பும் ஒன்றே. நட்டஈட்டின் உச்சவரம்பு 2005இல் 5,50,000 ரூபாவாகவும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 20,00,000 ரூபாவாகவும் உயர்ந்தது. தொழிலாளிக்கு இது நீதியே. ஆனால் காப்புறுதியற்ற சிறு முதலாளியிடம் அத்தொகை இல்லையெனின் தீர்ப்பு காகிதத்தோடு நின்றுவிடும்.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் வேலைக்குச் செல்லும்போதும் மீளும்போதும் நிகழும் விபத்துக்களையும் உள்ளடக்கிற்று. லயத்தின் நிலை இன்னும் தெளிவற்றதே. 2016 மே 17ஆந் திகதி புளத்கொகுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயங்கள்மீது மண்சரிந்து பலர் மாண்டனர். வேலை முடிந்து, தோட்டம் கொடுத்த காம்பிராவில் இருப்பவன் 'வேலையின்போது' இருப்பவனாவானா? அங்கு குடியிருத்தல் வேலையின் நிபந்தனையாயின் ஆம் என வாதிடலாம். வெறும் வசதியாயின் அவ்வாதம் வலுவிழக்கும். தோட்டத்திற் பிறந்து தோட்டத்திலேயே வளர்ந்தவர்க்கு இவ்விரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று.

சிற்றுடைமையாளன் அறியவேண்டிய விதி பிறிதொன்றுமுண்டு. தொழிலாளி இறந்தவிடத்து நட்டஈட்டை ஆணையாளரிடமே வைப்பிலிடவேண்டும்; தங்கிவாழ்வோர்க்கு அதனைப் பகிர்ந்தளிப்பவர் அவரே. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஈமச்செலவைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டாலும் முதலாளியின் பொறுப்பு அத்துடன் தீர்ந்துவிடுவதில்லை.