பக் ஷா ஸ்டேடியம்: பெயர் ஒருவருக்கு, புகழ் யாரால்?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் ஹோசே நகரை ஒட்டிய ஊர் சாண்டா கிளாரா. அங்கே 1851-இல் இயேசு சபைத் துறவிகள் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு ஒரு மைதானம் உண்டு. பெண்கள் கால்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நன்கு தெரிந்த இடம். 1962 முதல் 2015 வரை அதன் பெயர் பக் ஷா ஸ்டேடியம்.

யார் இந்த பக் ஷா? நாம் சொல்லும் கால்பந்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் பயிற்சியாளர் அவர். 1936 முதல் 1942 வரை சாண்டா கிளாரா அணி அவர் கையில் இருந்தது. 1937, 1938 என அடுத்தடுத்த இரண்டு புத்தாண்டு தினங்களில் நடந்த சுகர் பவுல் ஆட்டங்களில், லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியை அது தோற்கடித்தது. சிறிய கல்லூரி ஒன்று நாடு முழுக்கப் பேசப்பட்டது.

பிறகு 1946-இல் சான் பிரான்சிஸ்கோ 49-அர்ஸ் அணியின் முதல் பயிற்சியாளரானார். 1960-இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். இறுதி ஆட்டத்தில் தோற்றது வின்ஸ் லொம்பார்டியின் கிரீன் பே அணி. சூப்பர் பவுல் கோப்பைக்கே பெயர் கொடுத்த லொம்பார்டி, பிளே ஆஃப் கட்டத்தில் தோற்றது அந்த ஒரே முறைதான். அத்தோடு ஷா ஓய்வு பெற்றார். மைதானம் திறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அதாவது, தன் பெயர் கொண்ட மைதானத்தில் அவர் எந்த அணிக்கும் பயிற்சியாளராக இருந்ததில்லை!

இதற்கிடையில் இன்னொரு மாற்றம் நடந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்று 1972-இல் சட்டம் வந்தது. கல்லூரிகளில் பெண்கள் அணிகள் பெருகின. 1982-இல் பெண்கள் கால்பந்துக்கு என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டி தொடங்கியது. 1987-இல் ஜெரி ஸ்மித் சாண்டா கிளாரா பெண்கள் அணியின் பயிற்சியாளரானார். 1989, 1990 இரண்டு ஆண்டுகளும் அணி கடைசி நான்கு இடங்களுக்குள் வந்தது. அந்த அணியில் ஆடியவர்தான் பிராண்டி சாஸ்டெய்ன். 1999 உலகக் கோப்பை இறுதியில் கடைசி பெனால்டியை அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி மண்டியிட்டாரே, அவரேதான்.

1992 பருவத்தோடு அமெரிக்கக் கால்பந்து அணியையே பல்கலைக்கழகம் கலைத்துவிட்டது. ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுகளும் ஒரே பிரிவில் இருக்க வேண்டும் என்று என்.சி.ஏ.ஏ. விதி வந்ததும், கூடுதல் செலவைத் தாங்க முடியாது என்று முடிவெடுத்தார்கள். ஷாவின் ஆட்டம் போய்விட்டது. பெயர் மட்டும் நின்றது. பெண்கள் அணி 2001 இறுதியில் வட கரோலினாவை 1-0 என வென்று தேசிய சாம்பியன் ஆனது. கொரோனாவால் தள்ளிப்போய் 2021 மே மாதம் முடிந்த 2020 போட்டியிலும், புளோரிடா மாநில அணியைப் பெனால்டியில் வென்று மீண்டும் பட்டம் வாங்கியது.

நடுவில், 2015-இல் பெயர் மாறியது. ஸ்டீவன்ஸ் ஸ்டேடியம். பெரிய நன்கொடை கொடுத்த தம்பதியின் பெயர் அது.

நன்கொடையாளருக்கு நன்றி சொல்வதில் தவறில்லை. மைதானத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டும். ஆனால் கணக்குப் பதிவியலில் ஒரு விதி உண்டு. விலை கொடுத்து வாங்கிய நற்பெயரை மட்டுமே சொத்தாக ஏட்டில் காட்டலாம். நிறுவனம் தானே வருடக்கணக்கில் உழைத்துச் சேர்த்த நற்பெயருக்கு அங்கே இடமில்லை. அந்த மைதானத்தின் வாசலிலும் அதே விதிதான் போலிருக்கிறது. முதலில் பழைய வெற்றிக்கு ஒரு பெயர், அடுத்து பணத்துக்கு ஒரு பெயர். வியர்வை சிந்தி அந்தப் புல்தரையை உலகறியச் செய்த பெண்களின் முறை இன்னும் வரவில்லை.