சிவப்பு எழுத்தும் ஒரு சிறு சுழியும்



நாமக்கல்லை அடுத்த சேந்தமங்கலத்துக்கு 1623-ஆம் ஆண்டு ராபர்ட் தெ நொபிலி வந்தார், சேலத்துக்கும் சென்றார். அந்நாளில் நம் சமவெளியில் நூல் என்றால் ஓலைச்சுவடிதான். எழுத்தாணியால் கீறிய ஓலையில் கரியும் எண்ணெயும் தடவித் துடைத்தால் கீறலில் கருமை தங்கும். அந்த ஒரு நிறமே உண்டு. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியையும் விட்டுவிடுவார்கள். ஆகவே, பழகியவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள்.

புள்ளி போனதால் பெருந்தொல்லை ஒன்று விளைந்தது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும், நெடில்கள் பெறா என்பது தொல்காப்பியர் காலத்து மரபு. புள்ளியை நீக்கினால் இரண்டும் ஒரே வடிவம். ‘மேய்ப்பன்’ என்பதை ‘மெய்ப்பன்’ என்றும் வாசிக்கலாம். ‘கோல்’ என்பதைக் ‘கொல்’ என்றும் வாசிக்கலாம். 23-ஆம் சங்கீதத்தை இவ்வாறு தடுமாறி வாசிக்கும் புதிய விசுவாசியை எண்ணிப் பாருங்கள்!

இதைத் தீர்த்தவர் இத்தாலியரான வீரமாமுனிவர். இன்று நாம் எழுதும் ஏ, ஓ, இரட்டைச் சுழிக் கொம்பு ஆகியவை அவர் வழி வந்தவை. அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அந்த அச்சகமோ, அவர் கடுமையாகக் கண்டித்து எழுதிய லுத்தரன் மிஷனெரிகளுடையது! சபைப் பிரிவினைகளின் வரலாற்றில் எனக்குப் பிடித்த செய்திகளுள் இது ஒன்று.

அதே அச்சகத்தில்தான் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-15-இல் அச்சேறியது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதமோ அரிது. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள்.

வசனத்தைத் தேடி எடுக்க உதவும் எண்களும் மூலநூலில் இருந்தவை அல்ல. இன்றைய அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சர் இட்டார். ஆராதனையில் முதியவரும் சிறுவரும் ஒரே நொடியில் ஒரே வரிக்கு வந்து சேர்வது இவர்களாலேயே. ஆனால் எபேசியர் முதல் அதிகாரத்தில் 3 முதல் 14 வரை கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். எண்களைப் பின்பற்றி வாசிக்கும் நமக்குப் பவுலின் அந்த ஒரே மூச்சு புலப்படுவதில்லை.

நிறம் பின்னர் வந்தது. ஐரோப்பியக் கையெழுத்துப் படிகளில் தலைப்புகளைச் சிவப்பு மையால் எழுதும் வழக்கம் முன்பே இருந்தது. இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சிடும் எண்ணம் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் லூயி கிளோப்ஷுக்கு லூக்கா 22:20-ஐ வாசிக்கையில் எழுந்தது. உடன்படிக்கையின் இரத்தத்தைப் பற்றிய வசனம் அது. அவருடைய சிவப்பெழுத்துப் புதிய ஏற்பாடு 1899-இல் வெளிவந்தது. ஆண்டவரின் பேச்சை உடனே கண்டுகொள்ள அது உதவுகிறது.

எனினும் சிவப்பு மை எங்கே நிற்க வேண்டும்? பழைய கிரேக்கப் படிகளில் மேற்கோள் குறிகள் இல்லை. நிக்கொதேமுவிடம் இயேசு பேசியது யோவான் 3:15-இல் முடிகிறது என்போர் உண்டு. 21 வரை நீள்கிறது என்போரும் உண்டு. நம்மில் பலர் முதன்முதலில் மனப்பாடம் செய்த 16-ஆம் வசனம் நடுவில் நிற்கிறது. இவ்வாரம் அந்த அதிகாரத்தை நிறத்தைக் கருதாமல் ஒருமுறை உரக்க வாசியுங்கள். எவ்விடத்தில் குரல் மாறுகிறது என்பதை வேதபாட வகுப்பில் பேசுவோம்.