ஒளியின் ஒத்திசைவும் ஒரு பெயரின் உரிமையும்

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குச் செல்லுங்கால் எவ்வாறு முறிகிறது என்பதைக் கி.பி. 984 வாக்கில் பக்தாதின் இப்னு ஸஹ்ல், எரியாடிகள் பற்றிய தம் நூலில் சரியாகவே வரைந்து காட்டிவிட்டார். நம் பிள்ளைகளோ அதனை ஸ்நெல் விதி என்றே படிக்கின்றனர். ஸ்நெல் அதனைக் கண்டது 1621இல். பிரெஞ்சுக்காரர் தம் பங்கிற்கு டெக்கார்ட்டின் பெயரையும் சேர்த்துக்கொண்டனர்! சிதறிக் கிடந்த கையெழுத்துப்படிகளை ருஷ்தி ராஷித் ஒன்றுசேர்த்து 1990இல் வெளியிட்ட பின்னரே உண்மை பரவலாகத் தெரியவந்தது. இதனை நாம் அடிக்கடி எழுதுகிறோம், குறைப்பட்டும் கொள்கிறோம். ஆனால் அதே ஒளியியலில், நம் காலத்தில், சென்னையில் பயின்ற ஒருவருக்கு நேர்ந்ததை நாம் பேசுவது அரிது.

அவர் இ.சி.ஜி. சுதர்சன். 1931இல் கேரளத்தில் பிறந்தவர். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் படித்து, 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றுப் பின்னர் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார்.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கலை எளிதாகவே விளக்கலாம். கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் எஃகுத் தகட்டை அறுக்கும் லேசரும், நம் வீட்டு விளக்கும் தருவது ஒளியே. விளக்கின் அலைகள் சந்தைக் கூட்டம்போல் அவரவர் போக்கில் செல்வன. லேசரின் அலைகளோ தொழுகை ஸஃப்பில் நிற்போரைப் போல் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தாழ்வன. இவ்வொழுங்கே ஒத்திசைவு. ஆனால் ஒளி துகள்களாகவும் வருகிறதே! விளக்கொளியின் துகள்கள் கூடிக்கூடி வரும் இயல்பினை ஹான்பரி பிரவுனும் டுவிஸ்ஸும் 1956இல் கண்டனர். 1960இல் லேசரும் பிறந்தது. அலைக்குச் சொன்ன ஒத்திசைவைத் துகளுக்கு எவ்வாறு சொல்வது?

1963 பிப்ரவரியில் ஹார்வர்டின் ராய் கிளாபர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். துகள்கள் ஒன்றோடொன்று கொள்ளும் தொடர்பினைக் கொண்டே ஒத்திசைவை அளக்க வேண்டும் என்றும், ரோசெஸ்டரின் எமில் வோல்ஃப் முதலானோர் கையாண்ட பழைய அலைமுறை போதாது என்றும் அதில் வாதிட்டார். ஏப்ரலில் சுதர்சனின் மறுமொழி வந்தது. எந்த ஒளிநிலையையும் ஒத்திசை நிலைகளின் கூட்டாக எழுதிவிடலாம். ஒவ்வொன்றும் எவ்வளவு என்பதை ஒரு சார்பு சொல்லும் என்று அவர் நிறுவினார். இதன் ஆழம் பின்னரே புரிந்தது. விளக்கொளிக்கு அச்சார்பு சாதாரண நிகழ்தகவு போலவே நடக்கும். சில ஒளிகளுக்கோ அது எதிர்க்குறி பெறும். நிகழ்தகவு எதிர்க்குறி ஆவதேது? அங்கேதான் பழைய இயற்பியல் முடிந்து குவாண்டம் ஒளி தொடங்குகிறது. கிளாபரும் அதே ஆண்டில், சில மாதங்கள் கழித்து, இவ்வமைப்பினை விரிவாக எழுதினார்.

2005இல் ஒத்திசைவின் குவாண்டம் கோட்பாட்டுக்காக நோபல் பரிசில் பாதி கிளாபருக்குக் கிடைத்தது. மறுபாதி வேறு பணிக்காக வேறிருவருக்குச் சென்றது. சுதர்சன் பெயர் இல்லை. அவர் பரிசுக் குழுவுக்கே எழுதி முறையிட்டார். கிளாபரின் பிப்ரவரிக் கட்டுரை முன்னோடிப் பணியே. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் சுதர்சனின் பணியும் அதற்கு இணையாக மதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. சுதர்சனுக்கு இது முதல் அனுபவமும் அன்று. 1957இல் மார்ஷக்குடன் சேர்ந்து அவர் கண்ட மென்விசைக் கோட்பாடு, நெடுங்காலம் ஃபெயின்மன், ஜெல்மன் பெயர்களிலேயே பேசப்பட்டது.

1984இல் சென்னைக்கு மீண்டு, தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். அவரோடு இணைந்து ஆய்ந்த ஆர். சைமன், அந்நிறுவனத்திலிருந்தே 2000இல் பின்னிப்பிணைந்த ஒளிக்கற்றைகளை இனங்காணும் ஓர் அளவுகோலை வெளியிட்டார். இன்றைய குவாண்டம் தகவலியலார் அதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். 2010இல், அப்துஸ் ஸலாம் இத்தாலியின் டிரியெஸ்டில் நிறுவிய ஆய்வு மையம் சுதர்சனுக்கு டிராக் பதக்கம் அளித்தது. 2018இல் அவர் டெக்சாஸில் காலமானார். பாடநூல்களில் அந்தச் சார்புக்கு இப்போது கிளாபர்–சுதர்சன் என்றே பெயர்.