உய்குர் மக்களும் உலக அரசுகளும்

மத்திய ஆசியாவிலே, தியன்சான் மலைத்தொடரின் இருபுறமும் பரந்து கிடப்பது சிங்கியாங். ஏறக்குறைய 16 இலட்சம் சதுரக் கிலோமீற்றர் விரிந்துள்ள இந்நிலம், சீனாவின் மொத்தப் பரப்பில் ஆறிலொரு பங்காகும். தக்லமக்கான் பாலைவனத்தின் ஓரங்களில், பனிமலைகளிலிருந்து இறங்கும் ஆற்றுநீரை நம்பிக் கஷ்கார், கோத்தான், அக்சு முதலிய சோலை நகரங்கள் எழுந்தன. பட்டுப்பாதை வணிகர் தங்கிச்சென்ற இந்நகரங்களின் குடிகளான உய்குர் மக்கள், துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியைப் பேசுபவர்; இஸ்லாமியர்; இன்று ஒரு கோடிக்கு மேற்பட்ட தொகையினர்.

சிங்கியாங் என்னும் சீனச் சொல்லுக்குப் ‘புதிய எல்லை’ என்பது பொருள். சிங் பேரரசு 1759 இல் இந்நிலத்தை வென்று, 1884 இல் அதனை ஒரு மாகாணமாக்கிற்று. தனிநாடு வேண்டுவோரோ இதனைக் கிழக்குத் துருக்கிஸ்தான் என்பர். ருஷ்யா, மொங்கோலியா, கசாக்ஸ்தான், கிர்கிஸ்தான், தாஜிக்ஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா என எட்டு நாடுகள் இதனைச் சூழ்ந்துள்ளன. ஆகவே, இங்கு மூண்ட கலகம் ஒவ்வொன்றும் அயல் அரசுகளின் செவிக்கு உடனே எட்டிற்று. அவ்வரசுகள் எதனை எண்ணி எவ்வாறு நடந்துகொண்டன என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாக்கூப் பெக் என்னும் தளபதி, கஷ்காரைத் தலைநகராகக் கொண்டு ஓர் அரசை நிறுவினார். 1872 இல் ருஷ்யாவும் 1874 இல் பிரித்தானிய இந்தியாவும் அவருடன் வணிக உடன்படிக்கை செய்துகொண்டன. துருக்கிச் சுல்தான் அவரை அமீராக ஏற்றார். இந்தியாவின் வடஎல்லையை நோக்கி ருஷ்யா நெருங்காதிருக்க இடையிலே ஓர் அரசு இருத்தல் நன்று என்பது பிரித்தானியர் கணக்கு. ஆயினும், 1877 இல் யாக்கூப் பெக் இறந்து, சீனத் தளபதி சோ சோங்டாங்கின் படை நாட்டை மீட்டபோது, உடன்படிக்கை செய்தோர் எவரும் படையுதவி புரிய வரவில்லை.

1933 நவம்பரில் கஷ்காரில் கிழக்குத் துருக்கிஸ்தான் குடியரசு பிரகடனமாயிற்று. அதனை எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை. சில மாதங்களிலேயே அது வீழ்ந்தது. அதன் எழுச்சியை விரும்பாத சோவியத் ஒன்றியம், சிங்கியாங்கை ஆண்ட சீனத் தளபதி செங் ஷிசாயின் பக்கம் நின்றது. பின்னர் அவர் மொஸ்கோவைக் கைவிட்டுச் சியாங் கைஷேக்கின் அரசோடு சேர்ந்ததும், சோவியத்தின் நிலையும் மாறிற்று. 1944 நவம்பரில் குல்ஜா நகரிலே இரண்டாவது குடியரசு எழுந்தபோது, அதற்கு ஆயுதமும் ஆலோசகரும் சோவியத் எல்லைக்கு அப்பாலிருந்தே வந்தனர். பத்தாண்டுக்கு முன் தள்ளப்பட்ட கோரிக்கையே இப்போது ஆதரவு பெற்றது.

அவ்வாதரவும் ஓராண்டு கூட நிலைக்கவில்லை. 1945 ஓகஸ்ட் 14 இல் சோவியத் ஒன்றியமும் சீனாவும் நட்புறவு உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. வெளி மொங்கோலியாவின் சுதந்திரத்துக்கு வழிவிடச் சீனா இசைந்தது. சிங்கியாங்கின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை எனச் சோவியத் உறுதி கூறிற்று. செப்டெம்பரில் மனாஸ் ஆற்றங்கரையை எட்டிய குல்ஜாப் படை அங்கேயே நின்றுவிட்டது. அதன் தலைவர்கள் பேச்சுவார்த்தைக்குச் செல்லுமாறு தூண்டப்பட்டனர். 1949 இல் மாவோவின் அழைப்பை ஏற்று, அக்மத்ஜான் காசிமி உள்ளிட்ட தலைவர்கள் சோவியத் வழியாகப் பீக்கிங்குக்குப் புறப்பட்டனர். ஓகஸ்ட் இறுதியில், பைக்கால் ஏரிப் பகுதியில் நேர்ந்த விமான விபத்தில் மாண்டனர். அச்செய்தி மக்களுக்கு அறிவிக்கப்பட்டது டிசெம்பர் மாதத்திலேயே. அதற்கிடையில் சீன மக்கள் விடுதலைப் படை மாகாணத்துள் புகுந்துவிட்டது. 1955 இல் சிங்கியாங் உய்குர் தன்னாட்சிப் பிரதேசம் அமைக்கப்பட்டது.

மொஸ்கோவும் பீக்கிங்கும் பகைத்துக்கொண்டபின், காற்று மீண்டும் திரும்பிற்று. 1962 இன் வசந்த காலத்தில், பஞ்சத்தினாலும் அச்சத்தினாலும் அறுபதினாயிரம் பேரளவில் உய்குரும் கசாக்கியரும் எல்லை கடந்து சோவியத் கசாக்ஸ்தானை அடைந்தனர். தாஷ்கண்டிலிருந்தும் அல்மா அத்தாவிலிருந்தும் உய்குர் மொழியில் வானொலி ஒலித்தது. எல்லைக்கு அப்பாலுள்ள வாழ்வே செழிப்பானது என்று அது கூறிற்று. எண்பதுகளில் இரு அரசுகளும் இணங்கத் தொடங்கியபோது அக்குரலும் தணிந்தது.

சோவியத் ஒன்றியம் 1991 இல் சிதைந்தபின், கசாக்கியருக்கும் கிர்கிசியருக்கும் தனிநாடுகள் கிடைத்தன. உய்குர் மக்களிடையிலும் அவ்வாசை துளிர்த்தது. ஆனால், புதிய அரசுகளுக்குச் சீனாவின் வணிகமும் எல்லை அமைதியும் தேவைப்பட்டன. 2001 யூனில் உருவான ஷங்காய் ஒத்துழைப்பு அமைப்பு, பயங்கரவாதம், பிரிவினைவாதம், தீவிரவாதம் ஆகிய மூன்றையும் ஒன்றாக எதிர்ப்பதென உடன்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப்பின், 2002 இல் அமெரிக்காவும் ஐக்கிய நாடுகள் சபையும் கிழக்குத் துருக்கிஸ்தான் இஸ்லாமிய இயக்கத்தைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தன. 2020 இல் அமெரிக்கா தன் பட்டியலொன்றிலிருந்து அதனை நீக்கிற்று. குவாந்தனாமோவில் அடைக்கப்பட்ட 22 உய்குரை ஏற்க முன்வந்த நாடுகள் சிலவே. அல்பேனியா, பெர்மியூடா, பலாவு எனச் சிதறி, இறுதி மூவர் 2013 இல் ஸ்லோவாக்கியாவை அடைந்தனர்.

2009 யூலை 5 இல் உரும்கியில் மூண்ட இனக்கலவரத்தில் 197 பேர் இறந்தனர் என்பது சீன அரசின் கணக்கு. உயிரிழந்தோரில் பெரும்பாலோர் ஹான் சீனர் என்றும் அது கூறிற்று. உய்குர் அமைப்புகள் அக்கணக்கை மறுத்தன. துருக்கியின் பிரதமர் எர்டோகான் அதனை இனப்படுகொலைக்கு ஒப்பிட்டார். ஆனால், 2017 இல் சீனாவுக்குச் சென்ற துருக்கி வெளிநாட்டமைச்சர், சீனாவின் பாதுகாப்பைத் தம் நாட்டின் பாதுகாப்பாகவே கருதுவதாகக் கூறினார். 2019 இலோ, சிங்கியாங்கின் முகாம்கள் மனிதகுலத்துக்கே பெரும் இழுக்கு எனத் துருக்கியின் வெளிநாட்டமைச்சு கண்டித்தது. 2014 இல் குன்மிங் புகைவண்டி நிலையத்தில் 31 பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டபோது, ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை அதனைப் பயங்கரவாதமெனக் கண்டித்தது.

அத்தாக்குதல்களுக்குப்பின் சீன அரசு பெருந்திரளானோரை முகாம்களில் அடைத்தது. பத்து இலட்சம் பேர் வரை அடைக்கப்பட்டிருக்கலாம் என 2018 இல் ஐக்கிய நாடுகளின் குழுவொன்றிலே கூறப்பட்டது. அவை தொழிற்பயிற்சி நிலையங்கள் என்பது சீனாவின் விடை. 2019 யூலையில் 22 நாடுகள் கண்டனக் கடிதம் எழுதின. சில நாட்களில் 37 நாடுகள் சீனாவைப் பாராட்டி எழுதின. 2022 ஓகஸ்ட் 31 இல் வெளியான ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கை, அங்கு நிகழ்ந்தவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாகக்கூடும் என்றது. அதனைப் பற்றி விவாதிக்கலாமா என்பதே ஒக்டோபர் 6 இல் மனித உரிமைகள் பேரவையின் முன் வந்த கேள்வி. 17 நாடுகள் ஆம் என்றன. 19 நாடுகள் மறுத்தன. 11 நாடுகள் விலகி நின்றன. பாகிஸ்தான், இந்தோனேசியா, கசாக்ஸ்தான் ஆகியன மறுத்தவற்றுள் அடங்கும். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் ஆம் என்றது சோமாலியா ஒன்றே. கண்டித்த மேல்நாடுகளும், பல்லாண்டாகச் சிங்கியாங்கின் பருத்தியை வாங்கியவையே. கட்டாய உழைப்பின் ஐயப்பாட்டால் அப்பொருள்களைத் தடைசெய்யும் அமெரிக்கச் சட்டம் 2022 யூனிலேயே நடைமுறைக்கு வந்தது.

இவ்வாறு ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக உய்குர் மக்களின் குறை ஒருகாலத்தில் விடுதலை வேட்கை எனவும், ஒருகாலத்தில் பயங்கரவாதம் எனவும், பிறிதொருகாலத்தில் மனித உரிமைப் பிரச்சினை எனவும் அழைக்கப்பட்டது. பெயர் மாறியதற்குக் கஷ்காரில் நிகழ்ந்தவை மட்டும் காரணமல்ல. அயல் தலைநகரங்களின் தேவையும் காரணமாயிற்று. அத்தேவையின் சுமையைத் தாங்கியவர் சாதாரண மக்களே. தாய்லாந்தின் தடுப்பு முகாமில் பத்தாண்டுக்கு மேலாக இருந்த 40 உய்குர், 2025 பெப்ரவரியில் சீனாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின் பாதுகாப்புக்குச் சீனா உறுதியளித்ததாகத் தாய்லாந்து அரசு கூறிற்று. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகமோ அச்செயலைக் கண்டித்தது. அவ்விரு கூற்றுகளும் வெளியானபோது, அந்த நாற்பதின்மரும் ஏற்கெனவே சீனாவைச் சேர்ந்துவிட்டனர்.