விருந்துக்கு அழைக்க ஒரு வீடு

ஒரு வேனில் எட்டுப் பேர், மிஞ்சினால் பன்னிரண்டு பேர். கொடி பிடித்து முன்னால் ஓடும் வழிகாட்டி இல்லை. ஒரே நாளில் ஐந்து ஊர் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரமும் இல்லை. காலையில் ஒரு கைவினைஞரின் வீட்டில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்க்கிறார்கள், ஆசைப்பட்டால் தாங்களும் கையை வைத்துப் பார்க்கிறார்கள். மத்தியானம் அதே ஊர் அடுப்பில் வெந்ததைச் சாப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட சிறு குழுப் பயணங்களை இன்று உலகின் பல நாடுகள் நடத்துகின்றன. நமது சிரம்பானை ஒட்டிய செனாவாங்கில் மட்டும் அப்படி ஒரு வேன் வந்து நிற்பதற்கு வாசல் இல்லை. ஏன் இல்லை என்பது ஒரு சரித்திரக் கேள்வி.

இந்த வகைப் பயணத்துக்குப் பேர்போன நாடு மெக்சிகோ. அங்கே வஹாக்கா மாநிலத்தில் தெயோதித்லான் டெல் வாயே என்று ஒரு நெசவு ஊர். ஸபோதெக் இனத்துப் பழங்குடி மக்கள் வீட்டுக்கு வீடு தறி வைத்திருக்கிறார்கள். கள்ளிச் செடியில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சியைக் காய வைத்து அரைத்துச் சிவப்புச் சாயம் எடுக்கிறார்கள். மக்காச்சோளத்தை அரைக்கும் கல்லைப் பார்த்தால் நம் வீட்டு அம்மிக்கு அக்கா தங்கை என்று சொல்லத் தோன்றும். மிளகாயும் தக்காளியும் அந்தப் பக்கத்திலிருந்து ஐரோப்பியர் கப்பலேறித்தான் நம் குழம்புக்கு வந்து சேர்ந்தன. மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை 2010-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டது.

அந்த நெசவாளி விருந்தாளியை எங்கே உட்கார வைக்கிறார்? தன் சொந்த முற்றத்தில். மெக்சிகோப் புரட்சிக்குப் பின் எழுதப்பட்ட 1917-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், கிராமங்கள் பொதுவில் நிலம் வைத்துக்கொள்ளும் உரிமையை ஏற்றுக்கொண்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் கதைக்கு வரலாம்.

தமிழர்களிடையே இதற்கு ஈடான இடம் செட்டிநாடு. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்குச் சற்று அதிகமான ஊர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை நகரத்தார் அங்கே கட்டிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். 1999-இல் காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் தம் குடும்பத்துப் பழைய ‘பங்களா’வை விருந்தினர் விடுதியாக்கினார். வாழை இலைச் சாப்பாட்டுக்காகவே அங்கே போகிறவர்கள் உண்டு. பின்னர் கானாடுகாத்தான், கோத்தமங்கலம் என்று பூட்டிக் கிடந்த வேறு சில வீடுகளும் விடுதிகளாகத் திறந்தன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பிடித்தன.

அங்கே போகும் குழு முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஆத்தங்குடித் தரைக்கல். சூளை கிடையாது, இயந்திரமும் கிடையாது. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களில் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றுகிறார்கள். அச்சை அலுங்காமல் எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் சாந்து பூசி அழுத்துகிறார்கள். சில நாள் தண்ணீரில் ஊற வைத்துக் காய வைக்கும்போது கண்ணாடி தானாகக் கழன்று கொள்கிறது. தரைக்கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. அச்சைத் தூக்கும் கை ஒரு நூல் அசைந்தாலும் பூ கலைந்துவிடும். வந்தவர்கள் முயன்று பார்த்து, பூவைக் கலைத்து, சிரித்துவிட்டுத்தான் போவார்கள். ஆனால் அதற்குப் பிறகு விலையில் பேரம் பேச வாய் வராது.

அடுத்தது கொட்டான். பனை ஓலையில் சாயம் ஏற்றிப் பின்னும் சிறு பெட்டி. கல்யாணச் சீருக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் ஆச்சிமார் தாங்களே பின்னியது. பிளாஸ்டிக் வந்தபின் அந்தக் கை ஓய்ந்து போனது. 2000-ஆம் ஆண்டில் விசாலாட்சி ராமசாமி ஒரு பண்பாட்டு அறக்கட்டளையைத் தொடங்கி, நினைவு தப்பாத மூதாட்டிகளைத் தேடிப் பிடித்து, கிராமத்துப் பெண்களுக்குப் பின்னல் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். கொட்டானுக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் அது கிடைத்தது. கற்றுக்கொடுக்க ஆள் உயிரோடு இருந்தபோதே தேடினார்கள் என்பதுதான் இதில் முக்கியம். பத்து வருடம் பிந்தியிருந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கக் கொட்டான் கிடைத்திருக்கும், பின்னும் விரல் கிடைத்திருக்காது.

சாப்பாட்டில் கடல் வாணிகமே பரிமாறப்படுகிறது. அன்னாசிப்பூ, கல்பாசி, மராட்டி மொக்கு, பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கவுனி அரிசி. வழிகாட்டி இதையெல்லாம் விளக்குவார். தூண் பர்மாத் தேக்கு, சலவைக்கல் இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம் என்றும் அடுக்குவார். இந்தப் பட்டியலில் மலாயாவுக்குக் காட்டும்படி ஒரு பொருள் இல்லை. தேக்கைத் தொட்டுப் பார்க்கலாம். ரப்பர் வட்டியைத் தொட்டுப் பார்க்க முடியுமா?

ஆனால் அது அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி திறந்து லேவாதேவி நடத்தியவர்கள் நகரத்தார். சிங்கப்பூர்த் தண்டாயுதபாணி கோயில் 1859-இல் எழுந்தது. அதே தண்டாயுதபாணிக்குச் சிரம்பானிலும் அவர்கள் கோயில் எழுப்பினார்கள். 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது, மலாயாவில் மரம் நட நினைத்த சிறு முதலாளிகளுக்கு ஐரோப்பிய வங்கிகள் கதவு திறக்கவில்லை. கதவு திறந்தது கிட்டங்கி. கடன் கொடுத்தார்கள், தாங்களும் தோட்டம் வாங்கினார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலம் அவர்கள் கைக்குப் போனபோது, ஆங்கில அரசு 1931-இலும் 1933-இலும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டி வந்தது. நல்லதும் கெட்டதும் கலந்த கணக்கு அது. பிறகு ஜப்பான்காரன் வந்தான், பர்மா கைநழுவியது, வருமானம் நின்றது. ஒரே வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள் சேர, தேக்குத் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன.

அந்தக் கடைகளில் ‘மங்குச் சாமான்’ என்று அடுக்கி வைத்திருப்பார்கள். பீங்கானிலும் எனாமலிலும் செய்த கிண்ணங்கள், தூக்குகள். மங்கு என்பது மலாய் மொழியின் மங்குக், அதாவது கிண்ணம். கப்பலில் போய்வந்தவர்களோடு செட்டிநாட்டுக்குப் போன சொல். இதே சொல்லை நம் தோட்டத்து மக்கள் வேறொன்றுக்கு வைத்துக் கொண்டார்கள். ரப்பர் மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் கிண்ணமும் மங்குதான். ஒரு மங்கு காரைக்குடியில் பணம் கொடுத்து வாங்கும் அலங்காரப் பொருளாகிவிட்டது. மற்றது பால்மரம் சாய்க்கப்பட்டபோது மண்ணோடு போனது.

செனாவாங்கும் பால்மரக் காடாக இருந்த இடந்தான். நெகிரி செம்பிலானின் பல தோட்டங்களைப் போல இங்கும் கங்காணி வழி வந்த தமிழர்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்றார்கள், மரம் வெட்டினார்கள், காண்டாவில் பால் வாளி சுமந்து ஸ்டோருக்குப் போனார்கள். 1970-களில் தொழிற்பேட்டை எழுந்தது. தாமான்கள் வந்தன, நெடுஞ்சாலை வந்தது, 2011-இல் கொமுட்டர் ரயிலும் வந்து நின்றது. பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்தது, அதைக் குறையாகச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் தோட்டத்தில் லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. மூன்று தலைமுறை குடியிருந்த வாசலில் அவர்கள் வாடகைக்காரர்கள்கூட அல்ல.

அருகிலேயே இருக்கும் கம்பங்களைப் பாருங்கள். நெகிரி செம்பிலானின் மினாங்கபாவ் மரபில் குல நிலம் தாய்வழி மகள்களுக்குப் போகிறது. 1909-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மரபு நிலத்தை வெளியார் கைக்குப் போகாமல் காத்தது. அந்த வீடு நின்றதால்தான், 1995-இல் பகாங் தெமர்லோவில் தொடங்கிய அரசாங்கத்தின் ஹோம்ஸ்டே திட்டம் இங்கேயும் வேர்விட முடிந்தது. வருகிறவருக்கு மூங்கிலில் லெமாங் வேக வைத்துக் காட்டவும், சிலி அப்பி போட்ட தேங்காய்ப்பால் குழம்பு பரிமாறவும் ஒரு பாட்டிக்குச் சொந்த அடுப்பு இருக்கிறது.

தமிழர்களுக்கே ஓர் உதாரணம் தெற்கே இருக்கிறது. மலாக்கா காஜா பெராங்கில் கம்போங் செட்டி. சுல்தான்கள் காலத்து வணிகர் வழி வந்தவர்கள். தமிழ் பேச்சு மறந்து மலாய் பேசினாலும் மாரியம்மனையும் முன்னோர் படையலையும் விடவில்லை. சேர்ந்து வாழ ஓர் ஊர் அவர்களுக்கு மிஞ்சியிருந்தது. 2002-இல் அது மரபுக் கிராமமாக அறிவிக்கப்பட்டது. இன்று போகிறவர்கள் அருங்காட்சியகம் பார்க்கலாம், அவர்கள் சமையலையும் ருசிக்கலாம். தமிழை இழந்தவர்களுக்கு ஊர் மிஞ்சியது, தமிழை இழக்காத தோட்டத்தாருக்கு ஊர் மிஞ்சவில்லை.

நம்மவர்கள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. துண்டாடல் நடந்த காலத்தில் அது பெரிய காரியம். ஆனால் கூட்டுறவுப் பங்கு வேறு, குடியிருக்கும் மனை வேறு.

தோட்டத்தில் காட்ட என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். கருவாட்டுக் குழம்பும், முருங்கைக்கீரையும், ஜப்பான் காலத்தில் உயிர் காத்த மரவள்ளிக்கிழங்கும் இருக்கின்றன. கள் என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் நிறுத்த வேண்டும். மெக்சிகோவில் கற்றாழை மதுவை மரியாதையோடு ஊற்றித் தருகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நம் தோட்டக் கள்ளுக்கடை கூலியைத் திரும்பப் பிடுங்கிய இடம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கை. அதைச் சொல்லாமல் கோப்பையை நீட்டினால் அது விருந்தாகாது.

கைவினைக்கும் குறைவில்லை. கோலசிலாங்கூர்ப் பக்கத்துக் குயவர்களின் பொங்கல் பானையை ஆண்டுக்கு ஒரு முறை தொலைக்காட்சியில் காட்டுகிறோம். தோட்டத்தின் பெரிய கைவினையை மட்டும் எவரும் அந்தப் பெயரால் அழைத்ததில்லை. அது மரம் வெட்டுதல். வெயில் ஏறுமுன் பால் நன்றாக இறங்கும், அதனால் இருட்டிலேயே காட்டுக்குப் போக வேண்டும். பட்டையில் சாய்வாக ஒரு கோடு, மேல் இடமிருந்து கீழே இறங்கும். ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய சீவல்தான் எடுக்கலாம். கத்தி மேலே நின்றால் பால் வராது. ஒரு மயிரிழை உள்ளே போனால் மரத்துக்குக் காயம், கிராணியிடம் பேச்சு. ஒரு காலைக்குள் இப்படி நூற்றுக்கணக்கான மரங்கள். ஆத்தங்குடி அச்சைத் தூக்கும் கைக்கு இது எந்த விதத்தில் குறைந்தது?

அந்தக் கை பழகியவர்கள் செனாவாங் சுற்றுவட்டாரத் தாமான்களில், மகன் வீட்டிலும் மகள் வீட்டிலும் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு எழுபது கடந்துவிட்டது. தோட்டம் போனபின்னும் செனாவாங் தோட்டத் தமிழ்ப்பள்ளி பெயரில் தோட்டத்தை வைத்திருக்கிறது. அழைக்கச் சொந்த முற்றம் இல்லாதவர்களுக்குப் பள்ளி மண்டபமோ கோயில் மண்டபமோ ஒரு சனிக்கிழமை காலைக்கு முற்றமாகலாம். முதல் வேனில் வெளிநாட்டார் வேண்டாம், பேரப்பிள்ளைகள் எட்டுப் பேர் போதும். பழைய பால்மரம் ஒன்று எங்காவது நின்றால் அதன் எதிரில் அவர்களை நிறுத்தலாம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்திருக்கும், நல்ல கை வெட்டிய இடம் வழவழப்பாக இருக்கும். எது எது என்று பாட்டி விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்.