நரம்பும் எண்ணும்

ஓர் இசைக்கருவி ஏன் பிறக்கிறது, ஏன் மறைகிறது என்ற கேள்வியைச் சங்கீத வித்துவான்களிடம் மட்டும் விட்டுவிடுதல் தகாது. அதைச் செய்தவன் யார், வாசித்தவன் யார், அவர்களுக்குச் சோறிட்டது எது என்று கேட்கும்போதுதான் அதன் வரலாறு தொடங்குகிறது. நரம்புக் கிற்றாரா, டிஜிற்றல் கிற்றாரா என்று மாணவரிடையே எழும் வாதத்தையும் நாம் இந்த உரைகல்லிலேயே உரைத்துப் பார்க்க வேண்டும்.

திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாயிலிருந்து தொடங்குவோம். கந்தளாய்க் குளத்தைச் சூளவம்சம் ஏழாம் நூற்றாண்டு மன்னன் இரண்டாம் அக்கபோதியோடு இணைத்துக் கூறும். தமிழ் மரபோ குளக்கோட்டனின் திருப்பணி என்று சொல்லும். குளக்கோட்டன் பெயரோடு கோணேசர் கோயிலின் தொழும்புகளையும் வகுத்துரைக்கிறது ‘கோணேசர் கல்வெட்டு’ என்னும் நூல். இவற்றிலே மன்னர் பெயர்கள் மாறலாம். மாறாத உண்மை ஒன்றுண்டு. குளம் வயலை நனைத்தது; வயல் கோயிலை வளர்த்தது; கோயிலின் பாட்டும் முழவும் உழவன் விளைத்த நெல்லின்மேல் நின்றன. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது கல் மண்டபங்கள் மட்டுமா வீழ்ந்தன? அவற்றை நம்பியிருந்த கலைஞரின் பிழைப்பும் உடன் வீழ்ந்தது.

போர்த்துக்கேயரோடு வந்தவற்றுள் பீரங்கி மட்டுமன்றிக் கிற்றாரின் குடும்பத்தைச் சேர்ந்த நரம்புக் கருவிகளும் இருந்தன. ஆட்சி போயிற்று, கருவி நின்றது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர், தச்சும் கொல்லும் தொழிலாகக் கொண்டவர்கள், வயலினும் கிற்றாரும் கொண்டு கப்பிரிஞ்ஞா ஆடலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். அந்த ஊற்றிலிருந்தே பைலா பெருகிற்று. 1960களிலும் 70களிலும் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் ஈழத்துத் தமிழ்ப் பொப் பாடலை மக்களிடம் கொண்டு சென்றபோது கிற்றார் கலியாண வீட்டிலும் பேருந்திலும் ஒலித்தது. ஆதிக்கக்காரனோடு வந்த கருவி, உழைப்பவனின் கைக்கு மாறிற்று!

இதற்கு நேர்மாறானது யாழின் கதை. சிலப்பதிகார உரை இருபத்தொரு நரம்புடைய பேரியாழையும் ஏழு நரம்புடைய செங்கோட்டியாழையும் கூறுகிறது. நரம்புக்கு ஒரு சுரமே ஒலிக்கும் யாழைவிட, மெட்டுகள்மேல் ஒரே நரம்பில் பல சுரங்களையும் கமகங்களையும் காட்டிய வீணை வசதியானது என்பர். உண்மையே. ஆயினும் அது பாதி உண்மை. புறநானூற்றுப் பாணன் மன்னனோடு அமர்ந்து உண்டவன். பெரியபுராணத்துத் திருநீலகண்ட யாழ்ப்பாணரோ கோயில் வாயிலின் புறத்தே நின்று பாடியவர். திருவாரூரில் அவருக்கென வடதிசையில் வேறு வாயில் வகுக்க வேண்டியிருந்தது. வாசித்தவனை வெளியே நிறுத்திய சமுதாயத்தில், அவன் கையிலிருந்த கருவி எத்தனை காலம் உள்ளே வாழும்?

மறைந்த அந்த யாழை மீட்கப் புகுந்தவர், திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் பணியாற்றிய விபுலாநந்த அடிகள். விஞ்ஞானப் பட்டதாரியான அவர் பக்தியோடு நின்றுவிடவில்லை, கணக்கைத் துணைக்கொண்டார். குரலுக்கு ஒன்றரை மடங்கு அதிர்வுடையது இளி என்பது போன்ற விகிதங்களால் பண்டைப் பாலைகளை ஆராய்ந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட ‘யாழ் நூல்’ 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது; அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். நரம்பை எண்ணாக மாற்றி, எண்ணிலிருந்து நரம்பை மீட்கும் முயற்சி நம் மண்ணுக்குப் புதிதன்று என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

டிஜிற்றல் கிற்றார் செய்வதும் நரம்பை எண்ணாக்கும் வேலையே. மரக் கிற்றாரில் நரம்பின் அதிர்வு பலகைக்கும், பலகையிலிருந்து காற்றுக்கும் செல்கிறது. மரத்தின் வயதும் விரலின் அழுத்தமும் ஒலியில் பதிகின்றன. 1930களில் வந்த மின்சாரக் கிற்றார் அந்த அதிர்வைக் காந்தத்தால் மின்னோட்டமாக்கியது. 1977இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் கிற்றார் சிந்தசைசரை வெளியிட்டது. 1987இல் வந்த கசியோ டிஜிற்றல் கிற்றாரின் நைலோன் நரம்புகளுக்குச் சுருதி சேர்க்கும் வேலையே இல்லை. அவை மின்சைகை தரும் விசைகள் மாத்திரமே. அதிர்வை அளந்து எண்ணாக்கும் வகையிலோ ஒரு தடையுண்டு. தடித்த நரம்பு வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்வது; ஓர் அதிர்வு முடியவே வினாடியின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு செல்லும். அதன் பின்னரே இயந்திரம் சுரத்தை அறியும். மரத்துக்கு இந்தத் தாமதம் இல்லை.

எனினும் இயந்திரத்தைப் பழிப்பது முற்போக்காகாது. கிற்றாரின் மெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டியவை. அதில் இளி 1.5 அன்று, 1.4983. எண்ணால் இயங்கும் கருவிக்கு 1.5ஐயும் கட்டளையிடலாம், அடிகள் கணித்த பண்களையும் ஏற்றலாம். ஆனால் தொழிற்சாலை முதலில் பதித்துத் தருவது பெரும்பாலும் அந்தச் சமபங்கையே. எண் குற்றவாளியன்று, யாருடைய காதைக் கருதி எண் பதிக்கப்படுகிறது என்பதே கேள்வி. மரம் பிளந்தால் ஊர்த் தச்சன் ஒட்டுவான். சில்லு பழுதானால் உற்பத்தியாளரின் வாயிலில் நிற்க வேண்டும். கருவியின் அறிவு வாசிப்பவனிடமிருந்து விலகி முதலாளியின் பெட்டகத்துக்குள் போவதை நாம் காணாதிருக்கலாகாது.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, ‘எது உயர்ந்தது’ என்று கேட்பதை விடுவோம். சிங்களரும் முஸ்லிம்களும் தமிழரும் வாழும் கந்தளாயில், உழவர் வீட்டுப் பிள்ளையின் கைக்கு எந்தக் கருவி எட்டும், அதைத் திருத்தவும் மாற்றவும் அப்பிள்ளைக்கு யார் கற்பிப்பார் என்று கேட்போம். பள்ளியில் மரக் கிற்றாரும் இருக்கட்டும். எண்ணின் கணக்கும் கற்பிக்கப்படட்டும். பாணனை வெளியே நிறுத்தியதால் நாம் யாழை இழந்தோம். வாசிக்கும் மனிதனை உள்ளே அழைத்தால் நரம்பும் வாழும், எண்ணும் பாடும்.